தலைக்கு மேல் இன்னொரு எஞ்சின்

புவனேஸ்வரனுக்கு உயரம் என்றால் பயம். பினாங்குப் பாலத்தில் காடி ஓட்டும்போதுகூட ஓரத்துப் பாதைக்குப் போகமாட்டான். கடல் கண்ணில் பட்டால் உள்ளங்கால் கூசும் என்பான். அதனால் அவன் மனைவி குமுதாவுக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் கிடைத்து பல மாதங்கள் ஆகியும் அவன் ஒரு தடவைகூட அவள் பக்கத்தில் ஏறி உட்காரவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

குமுதா பாயான் லெப்பாசில் கணினிச் சிப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். தலையிலிருந்து கால் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஜன்னலே இல்லாத அறையில் நாள் முழுக்க நிற்கும் வேலை. வேலை முடிந்து வெளியே வந்தால், விமானங்கள் தொழிற்சாலைக் கூரையை உரசுவதுபோல் இறங்கிக்கொண்டிருக்கும். பதினான்கு வருடம் அதை அண்ணாந்து பார்த்தவள், முப்பத்தாறாவது வயதில் விமான நிலையத்தின் ஓரத்தில் இருந்த சின்னப் பயிற்சிப் பள்ளியில் போய்ப் பெயர் கொடுத்தாள். புவன் தடுக்கவில்லை. ஞாயிறு காலையில் அவள் பறக்கப் போகும்போது அவன் வீட்டில் துணி துவைத்தான், சமைத்தான், அவள் திரும்பி வரும்வரை செல்போனைக் கையிலேயே வைத்திருந்தான்.

கடைசியில் அவன் ஏறச் சம்மதித்தது மகளுக்காக. ஷர்மினிக்குப் பதினொரு வயது. அம்மாவோடு மேலே போகவேண்டும் என்று பள்ளி விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

"சரி. முதல்ல அப்பா போய்ட்டு வர்றேன். அப்பாவுக்கு ஓகேன்னா அடுத்த ரவுண்டு நீ," என்றான் புவன்.

அந்த ஞாயிறு மூவரும் போனார்கள். ஷர்மினி தொப்பி போட்டுக்கொண்டு பயிற்சிப் பள்ளியின் கான்டீனில் மைலோ குடித்தபடி உட்கார்ந்தாள். தலைமைப் பயிற்சியாளர் நூருல் ஹுதா அவளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். குமுதாவுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் ஹுதாதான்.

வெளியே இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று பள்ளியுடையது, குமுதா ஓட்டப்போவது. மற்றது விஸ்வநாதனுடைய சொந்த விமானம். விஸ்வநாதன் அறுபத்தெட்டு வயதுக்காரர். செட்டிநாட்டுக் குடும்பம். சூலியா தெருப் பக்கம் நாலு தலைமுறையாக வியாபாரம். இளம் வயதிலிருந்தே பறக்கிறவர் என்பதால் பள்ளியில் எல்லாரும் அவருக்கு எழுந்து நிற்பார்கள். அன்றைக்கு அவர் மகள் ஸ்ரீநிதியோடு வந்திருந்தார். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள், லீவில் வந்தவள்.

"வாங்க வாங்க! ஒரு வழியா புவனைக் கொண்டாந்துட்டியே குமுதா," என்று சிரித்தார். "தம்பி, பயப்படாதீங்க. இவ எங்க எல்லாரையும் விட நல்லா ஓட்டுவா."

குமுதாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அவள் சேர்ந்த புதிதில், பிள்ளை பெற்ற பொம்பளைக்கு இது எதுக்கு என்று இரண்டு பேர் அவள் காதுபடவே பேசினார்கள். கான்டீனில் எல்லார் முன்னாலும் அவர்களை விஸ்வநாதன் ஒரு அதட்டு அதட்டினார். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அவள் முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கியபோது கைதட்டியதும் அவர்தான்.

புவன் இரண்டு விமானங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன் இதுக்கு ரெக்கை கூரைமேல இருக்கு, அவரோடதுக்குக் கீழ இருக்கு?"

"ரெண்டு வகை இருக்கு. நம்மளோடதுல கீழ நல்லா தெரியும், மேல ரெக்கை மறைச்சுடும். அங்கிளோடதுல மேல தெரியும், கீழ தெரியாது."

"அப்ப எது நல்லது?"

"ரெண்டும்தான். ஏறுங்க."

மேலே போன பிறகு புவன் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தான். முதலில் கதவுக் கைப்பிடியைப் பிடித்த கை விடவில்லை. பத்து மவுங் ஊரைத் தாண்டி இரண்டாவது பாலம் கடலில் வளைந்து போவதைப் பார்த்தபோது பிடி கொஞ்சம் தளர்ந்தது. பட்டர்வொர்த் பக்கம் ஃபெர்ரி ஒன்று நடுக்கடலில் நின்றது மாதிரி தெரிந்தது. "நம்ம ஃப்ளாட் எங்க?" என்று கேட்டான். குமுதா காட்டினாள். "அலாமாக், காயப்போட்ட துணிகூட தெரியும் போலயே!" ஹெட்செட்டில் அவன் சிரிப்பு அவள் காதுக்குள்ளேயே கேட்டது.  இந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தோம் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கொஞ்சம் நெரிசல். ஒரு பெரிய ஜெட் கிளம்பக் காத்திருந்தது. இறங்குவதற்கு மூன்று சிறு விமானங்கள். முதலில் பள்ளியின் இன்னொரு விமானம், அதில் ஒரு மாணவன். இரண்டாவது குமுதா. மூன்றாவது விஸ்வநாதன். விமானங்களுக்கு வழிசொல்லும் டவரில் இருந்த பெண் ரேடியோவில் ஒவ்வொருவருக்கும் வரிசையைச் சொன்னாள். முன்னால் போகிறவர் தெரிகிறாரா என்று விஸ்வநாதனைக் கேட்டாள். தெரிகிறது, பின்னால் வருகிறேன் என்று அவர் பதில் சொன்னதைக் குமுதா கேட்டாள்.

ஓடுபாதைக்கு நேராகத் திரும்பிவிட்டால் அதற்குப் பிறகு வேறு வழி கிடையாது, ஒரே கோடுதான். இடது பக்கம் கடலும் ஜெரஜாக் தீவும். வலது பக்கம் கரையும், கரைக்கு அப்பால் தொழிற்சாலைக் கூரைகளும். குமுதா இறக்கையின் பின்மடிப்பான ஃப்ளாப்பை முழுக்க இறக்கி வேகத்தைக் குறைத்தாள். முன்னால் போன மாணவன் ஓடுபாதையைத் தொட்டு உருண்டுகொண்டிருந்தான். எல்லாம் சரியாக இருந்தது.

"குமுதா," என்றான் புவன். "நமக்கு ஏன் ரெண்டு நிழல்?"

அவள் முதலில் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். பிறகு அவன் பக்கத்து ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தாள். காலை வெயில் முதுகுப் பக்கத்திலிருந்து விழுந்தது. கரையோரச் சேற்று நீரில் அவர்களுடைய நிழல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் அப்பால் இன்னொரு நிழல். அதே திசை, ஏறக்குறைய அதே வேகம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டுக்கும் நடுவில் இருந்த வெளிச்சம் சிறுத்தது. மேலே இருக்கும் எதுவோ அவர்களை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது.

அண்ணாந்தாள். தலைக்கு மேல் அவளுடைய சொந்த இறக்கைதான் இருந்தது. இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். நீல வானம். ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் இல்லை என்றால் நேர் மேலேதான்.

விஸ்வநாதன் பார்த்தது என்னை இல்லை, முன்னால் போன மாணவனை. இது அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவருக்குக் கீழே தெரியாது. எனக்கு மேலே தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

பேசும் பட்டனில் விரலை வைத்தாள். ரேடியோவில் ஜெட் விமானி தனக்குக் கிடைத்த உத்தரவை நீளமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பேசி முடிக்காமல் இவள் பேசினால் இரண்டு குரலும் மோதி வெறும் கீச்சொலிதான் கேட்கும். அவன் முடித்த கணத்தில் டவர்ப் பெண்ணின் குரல் வெட்டுப்பட்டு வந்தது. யார் பெயர் என்று தெரியவில்லை. கடைசி வார்த்தைகள் மட்டும் கேட்டன: "கோ அரவுண்ட், கோ அரவுண்ட்!"

இறங்காதே, மேலே ஏறு என்று அர்த்தம். இதற்குத்தான் ஹுதா அவளை நூறு தடவை பழக்கியிருந்தாள். கேட்ட உடனே யோசிக்காமல் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மூக்கை உயர்த்தவேண்டும். அவள் கை தானாகவே த்ராட்டிலுக்குப் போனது. போய், அங்கேயே நின்றுவிட்டது.

ஏறினால் அவர் விமானத்தின் வயிற்றில் முட்டுவேன்.

திரும்பலாமா? திரும்பினால் ஒரு பக்கத்து இறக்கை உயரும். உயர்ந்தால் அவருடைய சக்கரத்தில் மாட்டும். இப்படியே போனால் அவர் மேலே வந்து உட்கார்ந்துவிடுவார். கீழே தண்ணீர். தொழிற்சாலை அறையிலாவது ஒரு கதவு உண்டு. நாலு பக்கமும் திறந்து கிடந்த ஆகாயத்தில் அவளுக்கு நகர ஒரு முழம் இடம் இல்லாமல் போயிற்று.

"புவன், தலையைக் குனிங்க."

"என்னாச்சு?"

"குனிங்க!"

த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுத்தாள். மூக்கைக் கீழே தள்ளினாள். அவளுடைய எஞ்சின் அடங்கியது. ஆனால் சத்தம் அடங்கவில்லை. ஹெட்செட்டைத் தாண்டி, கூரையைத் தாண்டி, இன்னொரு எஞ்சின் தலைக்கு மேல் உறுமியது. அதைக் காதால் கேட்டாளா, உட்கார்ந்திருந்த சீட்டின் வழியாக முதுகால் உணர்ந்தாளா என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை.

கடல் வேகமாக மேலே வந்தது. கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு வெள்ளை வயிறு நுழைந்தது. அதில் எண்ணெய் வழிந்த கறுப்புக் கோடு, துருத்திக்கொண்டிருந்த ஆண்டெனா. அது முன்னால் நகர்ந்தது, மிக மெதுவாக. குமுதாவுக்கு மூச்சே வரவில்லை. போ, போ, போ என்று வாய் மட்டும் அசைந்தது. கீழே ஒரு மீன்பிடிப் படகில் நின்றிருந்த ஆள் பலகையில் குப்புற விழுந்தான். அவன் சட்டையின் நிறம்கூடத் தெரிந்தது.

அந்த வயிறு முழுவதும் தாண்டிப் போனதும் அதன் காற்று இவர்களைப் பிடித்து உலுக்கியது. வலது இறக்கை சரிந்தது. வேகம் குறைந்துபோனதை எச்சரிக்கும் விசில் கதறியது. குமுதா த்ராட்டிலைச் சீராகத் தள்ளி, இறக்கையை நிமிர்த்தி, இடது பக்கம் கடல்மேல் ஒதுங்கினாள். படகுகளின் நங்கூரக் கயிறுகள் தெரியும் உயரத்தில் ஜெரஜாக்கை நோக்கிப் போய், அதற்குப் பிறகுதான் ஏறினாள்.

ரேடியோ இப்போது வெறிச்சென்று கிடந்தது. நடந்ததைச் சொன்னாள்.  டவர்ப் பெண், பதறாமல் இருக்க முயலும் குரலில், நலமா என்று கேட்டாள். நலம் என்றாள் குமுதா. 

புவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. ஒன்றே ஒன்று சொன்னான்: "ஷர்மினி அங்க நின்னு பாத்துக்கிட்டு இருப்பா."

அவர்கள் மறுபடி சுற்றி வந்து இறங்கினார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகு இருவரும் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஷர்மினி தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சூப்பர்மா! ரெண்டு ப்ளேனும் ஒட்டிக்கிட்டு வந்துச்சே, ஷோ மாதிரி! இப்ப என் டர்ன்!"

 புவன் இறங்கி மகளின் தோளில் கை போட்டான்.

"இன்னைக்கு வேணாம்லா. காத்து சரியில்ல."

ஷர்மினி கம்பத்தில் தொங்கிய, காற்றின் திசை காட்டும் துணிப் பையைப் பார்த்தாள். அது துவைத்துப் போட்ட காலுறை மாதிரி சோர்ந்து கிடந்தது. "காத்தே இல்லையேப்பா."

"அதான் சரியில்லன்னேன்."

விஸ்வநாதன் தன் விமானத்தின் பக்கத்திலிருந்து கை ஆட்டியபடி வந்தார். "என்ன குமுதா, இறங்கின கையோட மறுபடி ஒரு சுத்து போய்ட்டே? புவனுக்கு ஊர் சுத்திக் காமிச்சியா?"

அவள் டவரிடம் சொன்னபோது அவர் ரேடியோவை அணைத்துவிட்டிருக்கவேண்டும்; அவருக்குத் தெரியவே தெரியாது. குமுதா அவர் முகத்தைப் பார்த்து அதைப் புரிந்துகொண்டாள்.

"அங்கிள், நீங்க எங்க மேல இறங்கினீங்க."

"என்னது?"

"நான் ரெண்டாவது. நீங்க மூணாவது. நீங்க எனக்கு நேர் மேல வந்தீங்க."

"இல்லம்மா. முன்னால போன ப்ளேனைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். கண்ணை எடுக்கல." அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அது... அது நீ இல்லையா?"

அதற்குள் ஹுதா வந்துவிட்டாள். அவள் முகம் இறுகியிருந்தது. டவரிலிருந்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு விமானங்கள் ஒரே கோட்டில் வருவதை அந்தப் பெண் பார்த்து விஸ்வநாதனை ஏறச் சொன்னாளாம். அவர் காதில் அது விழவில்லை. டவரிலிருந்து பார்க்கும்போது இருவருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று தெரியவில்லை. விசாரணை வரும், இரண்டு பேரும் நடந்ததை எழுதிக் கொடுக்கவேண்டும்.

"எவ்வளவு கிட்ட?" என்று ஹுதா கேட்டாள்.

குமுதா சொல்ல வாயெடுத்தாள். விஸ்வநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஸ்ரீநிதி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"கிட்ட," என்றாள் குமுதா. அதற்கு மேல் வரவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள். அங்கியை மாட்டி, தலைமூடியை இழுத்துக் கழுத்தில் பொத்தானைப் போட்டதும் தலைக்கு மேல் அந்த உறுமல் கேட்டது. அறையின் கூரையில் காற்று வடிகட்டிகள் எப்போதும் இரைந்துகொண்டுதான் இருக்கும். பதினாறு வருடமாகக் காதில் விழாத சத்தம் அன்றைக்குக் கூரையையே கீழே இறக்கியது. முகமூடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடினாள். அடுத்த நாளும் அப்படியே. வீட்டுக்குப் போகும் வழியில் மேம்பாலத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு விழுந்தால், காடிக்குள் உட்கார்ந்தபடி மேலே பார்த்துக்கொண்டே இருப்பாள். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். ராத்திரி தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். அந்தப் புழுக்கத்தில் புவனும் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தான்.

"நீங்க ஏன் திட்ட மாட்டேங்குறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். "இனிமே போகாதேன்னு சொல்லலாமே."

"சொன்னா போகாம இருப்பியா?"

"தெரியல."

"எனக்கும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்."

வார நடுவில் விஸ்வநாதன் போன் செய்தார். புவனையும் கூட்டிக்கொண்டு சூலியா தெருவுக்கு வரச் சொன்னார். அவருடைய கடைக்கு எதிரில் ஜபருல்லாவின் தேநீர்க் கடை. சாயங்காலம் அங்கே அவருக்கென்று ஒரு மேசை உண்டு. சுவரை ஒட்டிய மூலையில் குமுதாவை உட்காரவைத்துவிட்டு இருவரும் எதிரில் உட்கார்ந்தார்கள். சொல்லாமலேயே மூன்று தே தாரிக் வந்தது.

விஸ்வநாதன் நாலு நாளில் இளைத்துப்போயிருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"என் தப்புதான் குமுதா. அதுல ரெண்டு பேச்சு இல்ல. தப்பான ப்ளேனைப் பாத்துட்டேன். அதை நான் எழுதிக் கொடுத்துடுவேன்." தேநீர்க் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "ஆனா எவ்வளவு கிட்டன்னு உனக்கு மட்டும்தான் தெரியும். டவருக்குத் தெரியாது. முந்நூறு நானூறு அடின்னு எழுதினா, கண்டிச்சு விட்டுருவாங்க. ரொம்பக் கிட்டன்னு நீ எழுதினா, இந்த வயசுல என்னை நிறுத்திருவாங்க. லைசென்ஸை மறுபடி தரமாட்டாங்க."

குமுதா தன் தேநீரைத் தொடவில்லை.

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. பயத்துல பாக்கிறப்ப எல்லாமே கிட்ட இருக்கிற மாதிரிதான் தெரியும். அவ்வளவுதான் சொல்றேன். சிவகாமி போனதுக்கப்புறம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒண்ணுதான்மா இருக்கு."

சிவகாமி அவர் மனைவி. மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோனாள். பயிற்சிப் பள்ளியில் எல்லாருக்கும் முறுக்கு கொண்டுவந்து கொடுப்பாள். குமுதா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவேண்டும் என்றால் ஒருவரை நகரச் சொல்லவேண்டும். இவர் அன்றைக்கு அந்த இரண்டு பேரை அதட்டாமல் இருந்திருந்தால் நான் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன் என்று நினைத்தாள். முந்நூறு அடி. ஒரு எண்தானே. எழுதிவிட்டால் எல்லாரும் பிழைத்துப்போவார்கள். அவள் வாய் அதற்கு ஏறக்குறைய இணங்கிவிட்டது.

"அங்கிள்," என்றான் புவன்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வெளியாட்களிடம் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"குமுதா குனியச் சொன்னா. நான் குனியல. பயத்துல கழுத்து அசையல." குரல் தாழ்ந்துதான் இருந்தது. "உங்க முன்சக்கரம் என் கண்ணாடிக்கு மேல இருந்துச்சு. டயர்ல இருந்த எழுத்தை நான் படிச்சேன். நம்பர், கம்பெனி பேரு, எல்லாத்தையும். ஒரு பக்கம் தேஞ்சுபோய் நூல் தெரிஞ்சுச்சு. முந்நூறு அடியில இருந்து அதெல்லாம் படிக்க முடியுமா, அங்கிள்?"

விஸ்வநாதன் குவளையைத் திருப்புவதை நிறுத்தினார்.

"இடது பக்கமா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அடுத்த வாரம் மாத்தணும்னு வச்சிருந்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஜபருல்லா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "என் புள்ளை பக்கத்துல உக்காந்திருந்தா. ஸ்ரீநிதி."

குமுதாவுக்கு அழுகை வந்தது. "அங்கிள், நான் உள்ளதைத்தான் எழுதப் போறேன். என்னால வேற மாதிரி முடியாது. என்னை மன்னிச்சிருங்க."

"நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்குறே," என்றார் அவர். எழுந்து, தன் நாற்காலியைத் தள்ளி, அவள் வெளியே வர வழிவிட்டார்.

குமுதாவும் புவனும் காடி நிறுத்திய இடத்துக்கு நடந்தார்கள். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட ஏன் சொல்லல, டயர் விஷயம்?" என்று குமுதா கேட்டாள்.

"சொன்னா உனக்குத் தூக்கம் வராது. எனக்கு மட்டும் வராம இருந்தா போதும்னு விட்டுட்டேன்."

அவள் நடுத்தெருவில் நின்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மோட்டார் சைக்கிள்காரன் ஒதுங்கிப் போனான்.

அன்று ராத்திரி அவள் எழுதி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். புவனும் தான் பார்த்ததைத் தனியாக எழுதினான். விஸ்வநாதன் இவர்களுக்கு முன்பே கொடுத்துவிட்டார் என்று ஹுதா பின்னால் சொன்னாள். இடைவெளி எவ்வளவு என்ற கேள்விக்கு அவர், 'நான் பார்க்கவில்லை. அவர்கள் சொல்வது சரி' என்று மட்டும் எழுதியிருந்தாராம். விசாரணை முடியும்வரை அவரை நிறுத்தி வைத்தார்கள். முடிவு வரும் முன்னாலேயே அவர் விமானத்தை விற்க ஏற்பாடு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். ஸ்ரீநிதி மட்டும் குமுதாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "அப்பா உங்க மேல கோவமா இல்ல. ஆனா உங்களைப் பாக்க இன்னும் தைரியம் வரல."

இரண்டு மாதம் கழித்து, ஹுதா பக்கத்தில் உட்கார, குமுதா மறுபடி ஏறினாள். கிளம்புவதும் சுற்றுவதும் பழையபடி கைக்கு வந்தன. ஓடுபாதைக்கு நேராகத் திரும்பியதும் எல்லாம் போயிற்று. கழுத்து தானாக அண்ணாந்தது. இறக்கைதான். மறுபடி அண்ணாந்தாள். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. அந்த ஒரே கோட்டில், வலது பக்கம் கூரைகளும் இடது பக்கம் கடலுமாக, அவள் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"மேல பாத்தா ரெக்கைதான் தெரியும்," என்றாள் ஹுதா அமைதியாக. "தெரியாததைக் கேட்டுத் தெரிஞ்சுக்க. வெக்கப்படாதே. கேளு."

குமுதா பட்டனை அழுத்தி, தனக்கு மேலோ பின்னாலோ யாராவது உண்டா என்று டவரைக் கேட்டாள்.  டவர்ப் பெண் ஒரு கணம் எடுத்துக்கொண்டாள். உண்மையாகவே பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, மேலேயும் யாரும் இல்லை என்றாள்.

அப்படியும் அவள் தரையைத் தொடும்வரை மூச்சை முழுதாக விடவில்லை. இறங்கி, ஓடுபாதையை விட்டு ஒதுங்கி நிறுத்திய பிறகு ஹுதா கேட்டாள்: "போதுமா, இல்ல இன்னொரு சுத்தா?"

வேலிக்கு அப்பால் புவன் நின்றிருந்தான். இந்தத் தடவை துணி துவைக்க வீட்டில் இருக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கை ஆட்டவில்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

குமுதா வியர்த்த கையை முழங்காலில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு," என்றாள்.